கூவும் பெட்டியும் கேட்கும் காதும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார்: “நீங்கள் இயற்பியல் படிக்கிறவர். ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு திருட்டு அலாரம் மாட்டியிருக்கிறோம். பல்லி ஓடினால் கத்துகிறது. ஆள் நுழைந்தால் கத்துமா என்பதுதான் தெரியவில்லை. அதை நம்பலாமா?”

அன்று ஒரு வரியில் விடை கூற என்னால் இயலவில்லை. ஏனெனில் அந்தக் கேள்விக்கு விடையை எங்கள் குடும்பம் விலை கொடுத்து வாங்கியிருக்கிறது. நம் இதழில் இடம் கிடைத்தமையால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அப்பா ரெயில்வே வேலையாக நாகபுரிக்கு வந்தவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். 2023 மே மாதம் ஊர்க் கோயில் கொடைக்காக எல்லோரும் தெற்கே சென்றிருந்தோம். திரும்பி வந்தபோது சமையலறையின் பின்கதவு திறந்து கிடந்தது. பணமாகப் போனது அதிகமில்லை. ஆனால் அரிசிப் பானைக்குள் ஓர் எவர்சில்வர் சம்படத்தில் அம்மா பொத்தி வைத்திருந்த ஆச்சியின் பாம்படம் போய்விட்டது. நாற்பது ஆண்டுகள் ஆச்சியின் காதில் ஆடிய அணி அது. கடைக்குப் போய் அதே எடையில் பொன் வாங்கலாம். ஆச்சியின் காதை வாங்க முடியுமா?

வீட்டில் அலாரம் இல்லாமலில்லை. முந்திய ஆண்டுதான் ஒருவர் வந்து மாட்டிவிட்டுப் போனார். அது வேலை செய்யவில்லையோ என்று அதன் நினைவுக் குறிப்பைப் பார்த்தேன். இத்தகைய பெட்டிகள் நடந்ததை மணியோடு குறித்து வைக்கும். அதில் இருந்தவை இவை: இரவு 2.17, மூன்றாம் ஜோன், அலாரம். 2.18, செய்தி அனுப்ப இயலவில்லை. பிறகு 2.40, மீண்டும் மூன்றாம் ஜோன், அலாரம். மீண்டும், செய்தி அனுப்ப இயலவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. சைரன் ஒலித்திருக்கிறது. வந்தவர்கள் ஓடியிருக்கிறார்கள். நான்கு நிமிடம் கூவி அது ஓய்ந்த பின், ஒரு விளக்கும் எரியவில்லை, ஒரு கதவும் திறக்கவில்லை என்று கண்டு, இருபது நிமிடம் பொறுத்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். பெட்டி தன் கடமையில் பாதியைச் செய்தது. மறுபாதியை நாங்கள் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கம்பியும் மின்தடையும்

மின்சாரத் திருட்டு அலாரம் புதிய பொருளன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து அகஸ்டஸ் போப் என்பவர் 1853-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்று நிறைவுறும், மின்காந்தம் மணியை அடிக்கும் என்பதே அதன் அமைப்பு. பின்னர் எட்வின் ஹோம்ஸ் அவ்வுரிமையை வாங்கிப் பெரு வணிகமாக வளர்த்தார். அந்தப் பழைய அமைப்பில் ஒரு குறை உண்டு. கம்பியை வெட்டிவிட்டால் மணி என்றும் அடிக்காது. இன்றைய பெட்டியில் இது நேர்மாறு. கதவு மூடியிருக்கும்போது மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் பெட்டி விழித்துக் கொள்ளும்.

பெட்டிக்குள் வரும் ஒவ்வொரு கம்பிச் சோடியும் ஒரு ‘ஜோன்’. காவல் வட்டம் என்று தமிழாக்கலாம். ஆயினும் கடைக்காரரும் மெக்கானிக்கும் வழங்கும் சொல் ஜோன் என்பதே, அதையே ஆள்கிறேன். கம்பியின் கடைசியில், சென்சாருக்கு உள்ளேயே, ஒரு சிறு மின்தடையை வைக்க வேண்டும். ஏன்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டிக்குள் 12 வோல்ட்டும் அதனோடு 5,600 ஓம் மின்தடையும் இருப்பதாகக் கொள்வோம். கம்பியின் கடைசியிலும் 5,600 ஓம். கதவு மூடியிருந்தால் இரண்டும் சரிபாதி பகிர்ந்து கொள்ளும். ஆகவே பெட்டி காண்பது 6 வோல்ட். கதவு திறந்தால் சுற்று அறும்; காண்பது 12 வோல்ட். இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பூஜ்யம். மூன்று நிலைகள், மூன்று விடைகள். கதவின் சுவிட்சுக்குக் குறுக்கே இன்னொரு 5,600 ஓம் வைத்தால் இன்னும் நயமாகும். கதவு திறந்தால் மொத்தம் 11,200 ஓம். பெட்டி காண்பது 8 வோல்ட். 12 வோல்ட் கண்டால் கதவு திறக்கவில்லை, யாரோ கம்பியை வெட்டிவிட்டார்கள் என்று பொருள். நம் வகுப்பில் மின்னழுத்தப் பகிர்வு என்று படித்து மறந்த பாடம், இங்கே வாசலில் நின்று காவல் காக்கிறது!

எங்கள் வீட்டில் நடந்தது என்ன? மாட்டியவர் எல்லா மின்தடைகளையும் பெட்டிக்குள்ளேயே முறுக்கி வைத்துவிட்டார். அவருக்கு வேலை எளிது. பிறகு ஒரு முறை வெள்ளையடித்தபோது அடித்த ஆணி ஒன்று பின்கதவுக் கம்பியின் இரு இழைகளையும் ஒன்றாக்கிவிட்டது. மின்தடை கடைசியில் இருந்திருந்தால் பூஜ்யம் கண்டு பெட்டி அன்றே முறையிட்டிருக்கும். பெட்டிக்குள்ளேயே இருந்தமையால் அது எப்போதும் 6 வோல்ட்டையே கண்டது. கதவு திறந்தாலும் 6, மூடினாலும் 6. ஆறு மாதமாக அந்தப் பெட்டிக்குப் பின்கதவு என்ற ஒன்று இல்லவே இல்லை.

எந்த வாசலுக்கு எந்தக் குணம்?

கம்பியை இணைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஜோனுக்கும் அதன் குணத்தைக் கீபேட் வழியாகச் சொல்ல வேண்டும். குணத்துக்கு ஓர் எண் உண்டு. எண்ணைப் பெட்டியோடு வரும் கையேட்டில் காணலாம். பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி சிறிது மாறினாலும் வகைகள் பெரும்பாலும் இவையே.

முதலாவது, தாமத ஜோன். நாம் வந்து போகும் வாசலுக்கு உரியது. கதவைத் திறந்தால் உடனே கூவாது. கீபேடுக்கு நடந்து சென்று எண்ணை அழுத்த அவகாசம் தரும். நான் எங்கள் வீட்டில் உள்ளே வர 30 விநாடியும் வெளியே போக 60 விநாடியும் வைத்தேன்.

இரண்டாவது, உடனடி ஜோன். நாம் ஒருபோதும் வெளியிலிருந்து நுழையாத பின்கதவு, சன்னல் முதலியவற்றுக்கு. திறந்த கணமே கூவும்.

மூன்றாவது, உள் ஜோன். கூடத்தில் வைக்கும் அசைவுச் சென்சாருக்கு உரியது. இதன் குணம் சுவையானது. முதலில் வாசற்கதவு திறந்து, பிறகு கூடத்தில் அசைவு தெரிந்தால், வருவது வீட்டுக்காரர் என்று கொண்டு அந்த 30 விநாடி பொறுத்திருக்கும். வாசற்கதவு திறவாமலே கூடத்தில் ஆள் நடமாடினால் பொறுக்காது. இரவில் நாம் உறங்கும்போது இந்த ஜோனை மட்டும் விட்டுவிட்டுக் கதவுகளைக் காவல் காக்கும்படியும் அமைக்கலாம்.

நான்காவது, இருபத்துநாலு மணி ஜோன். தீ, வாயுக்கசிவு, அவசரப் பொத்தான் ஆகியவற்றுக்கு. அலாரத்தை நாம் இயக்கி வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும் இது எப்போதும் விழித்திருக்கும். சமையலறையில் புகைச் சென்சார் வைக்காதீர்கள். நம்மவர் தாளிக்கும் கடுகுக்கும் மிளகாய்க்கும் அது நாள்தோறும் அலறும். வெப்பச் சென்சாரே அங்கே தக்கது.

எங்கள் வீட்டில் எல்லா ஜோன்களையும் ‘உடனடி’ என்றே வைத்திருந்தார்கள். அப்பா இரவுப் பணி முடிந்து சாவி போட்டுத் திறந்தால், எண்ணை அழுத்துமுன் தெரு முழுதும் எழும். அம்மா இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அதே கதை. “எய்யா, என் வீட்டுக்குள்ள நான் நடமாடவே பயமா இருக்கு. பூனைக்குப் பால் ஊத்தப் போனாலும் கத்துதே” என்று அம்மா போனில் அழாத குறையாகச் சொன்னது நினைவிருக்கிறது. நான் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன்.

சிரித்திருக்கக் கூடாது. புலி வருகிறது என்று பொய்க்குக் கூவிய சிறுவனின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். எங்கள் பெட்டி அந்தச் சிறுவனாகிவிட்டது. அசைவுச் சென்சார் உண்மையில் அசைவைக் காண்பதில்லை. வெப்பமுள்ள உடல் ஒன்று அதன் பார்வைக் கீற்றுகளைக் கடக்கும்போது அகச்சிவப்புக் கதிரில் உண்டாகும் மாறுதலைக் காண்கிறது. வெயிலில் காய்ந்த திரைச்சீலை மின்விசிறியில் ஆடினாலும் மாறுதல்தான். கண்ணாடியின் மேலேயே ஊரும் பல்லி, அதற்கு ஓர் ஆளளவு தெரியும். ஆகவே சென்சாரைச் சன்னலுக்கு எதிரே வைக்கலாகாது; கம்பி நுழையும் துளையை அடைத்துவிட வேண்டும்; ஒரு துடிப்புக்கு இணங்காமல் இரண்டு துடிப்பு கண்ட பின்னரே கூவும்படி வைப்பதும் நன்று. இவற்றைச் செய்யாததால், பக்கத்து வீட்டுக்காரர்கள் சைரன் கேட்டால் தலையணையைக் காதில் வைத்துக் கொள்ளப் பழகிவிட்டார்கள். 2.17-க்கு அவர்கள் எழாதது அவர்கள் குற்றமன்று.

யாருக்குச் சொல்வது?

இனி மறுபாதிக்கு வருகிறேன். கூவுவது ஒன்று, சொல்வது மற்றொன்று. சைரன் திருடனுக்காக; செய்தி நமக்காக.

அயல்நாடுகளில் கட்டணம் பெற்று இரவு பகலாகக் கண்காணிக்கும் நிலையங்கள் நெடுங்காலமாக உண்டு. நம் பெருநகரங்களிலும் இப்போது உண்டு. அவற்றோடு பெட்டி எண்களால் பேசுகிறது. ‘காண்டாக்ட் ஐ.டி.’ என்பது பரவலாக வழங்கும் ஒரு முறை. அதில் ஒரு செய்தி 16 இலக்கங்கள் கொண்டது. எடுத்துக்காட்டாக: 1234 18 1 130 01 003 7.

முதல் நான்கும் வீட்டின் கணக்கு எண். 18 என்பது செய்தியின் இனம். அடுத்த 1, புது நிகழ்ச்சி என்பதைக் குறிக்கும். நிலைமை சீரடைந்தால் அங்கே 3 வரும். 130 என்றால் திருட்டு, 110 தீ, 120 அவசரப் பொத்தான், 301 மின்சாரம் போயிற்று, 302 பேட்டரி தளர்ந்தது. 01 வீட்டின் பிரிவு. 003 மூன்றாம் ஜோன். கடைசி 7 எதற்கு? அது சரிபார்க்கும் இலக்கம். பூஜ்யத்தைப் பத்தாகக் கொண்டு எல்லாவற்றையும் கூட்டினால், 15-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். முதல் பதினைந்தும் சேர்ந்து 68. ஏழைச் சேர்த்தால் 75. வழியில் ஓர் இலக்கம் சிதைந்தாலும் கணக்கு உதைக்கும், நிலையம் ஏற்காது, பெட்டி மறுபடி அனுப்பும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறிக் கொண்டால் இக்கணக்கு கண்டுபிடிக்காது என்பதையும் கூட்டிப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

எங்களுக்கு நிலையம் எதுவும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாகக் கைப்பேசிக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் வர வேண்டும். ஏன் வரவில்லை? விடை வெட்கத்துக்குரியது. அந்த சிம்முக்கு மாட்டியவர் போட்ட ரீசார்ஜ் மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது. பிறகு யாரும் போடவில்லை. பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது என்பதே வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஆகவே 2.18-க்கு அந்தப் பெட்டி, நாக்கில்லாத காவற்காரனாக நின்றது.

அந்த விடுமுறையில் நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். முதலில் 230 வோல்ட் இணைப்பையும் பேட்டரியையும் கழற்றி வைத்து, மின்தடைகளை உரிய இடத்துக்கு மாற்றினேன். பிறகு, மாட்டுபவருக்கென்று உள்ள இரகசிய எண்ணை மாற்றினேன். தொழிற்சாலையில் வைத்த எண் அப்படியே இருந்தது. அது கையேட்டிலேயே அச்சாகி ஊரறிந்த எண். அப்புறம் யாருக்கு எந்தச் செய்தி என்று ஒரு தாளில் எழுதினேன். அந்தத் தாள்தான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

முதல் அழைப்பு எனக்கு வர வேண்டும் என்று நினைத்தேன். பிள்ளையல்லவா! ஆனால் நான் இருப்பது விடுதியில், நாகபுரிக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவில். எனக்குத் தெரிந்து என்ன செய்வேன்? யாரையாவது அழைப்பேன். அந்த யாரையாவதை பெட்டியே நேராக அழைத்தால் என்ன? செய்தி அன்புக்குரியவருக்கு அன்று, ஐந்து நிமிடத்தில் வாசலில் வந்து நிற்கக் கூடியவருக்கே முதலில் போக வேண்டும். எங்களுக்கு அப்படிப்பட்டவர் அடுத்த வீட்டு மராத்திய அம்மையார். நாங்கள் ‘காகூ’ என்று அழைப்போம். அம்மாவும் நானும் அவர் வீட்டுக்குச் சென்று, முன்பு உறக்கம் கெடுத்தமைக்கு மன்னிப்புக் கேட்டு, இனி பொய்க்குக் கூவாது என்று உறுதி கூறி, அவர் எண்ணைப் பெற்று வந்தோம்.

ஆகவே திருட்டு, தீ, அவசரப் பொத்தான் மூன்றுக்கும் முதல் அழைப்பு காகூவுக்கு, இரண்டாவது அப்பாவுக்கு, மூன்றாவது எனக்கு. போலீசுக்கு உரிய 112-ஐப் பெட்டியே அழைக்கும்படி வைக்கவில்லை. கண்ணால் கண்டவர் அழைப்பதே முறை. மின்சாரம் போனால், அதுவும் அரை மணி கழித்தே, எனக்கு மட்டும் குறுஞ்செய்தி. மின்வெட்டுக்காகக் காகூவை எழுப்பக் கூடாதன்றோ! கதவு திறக்கும்போதும் பூட்டும்போதும் எனக்குச் செய்தி வரும்படி வைக்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன். “நான் எப்ப காய்கறிக்காரன்கிட்ட போறேன், எப்ப வாறேன்னு நீ அங்க இருந்து கணக்கு வைக்கணுமாக்கும்?” என்றார். சரியான கேள்வி. அதை விட்டுவிட்டேன். காவல் வேறு, வேவு வேறு.

கடைசியாக ஒன்று: வாரம்தோறும் ஞாயிறு காலை 9 மணிக்குப் பெட்டி எனக்கு ‘நலம்’ என்று ஒரு சோதனைச் செய்தி அனுப்பும். வந்தால் பார்ப்பதில்லை. வராவிட்டால் அன்றே வீட்டுக்குப் போன் செய்கிறேன். சிம் தீர்ந்ததா, பேட்டரி செத்ததா என்று தெரிந்துவிடும். எங்கள் பழைய பெட்டியில் இந்த ஒன்று மட்டும் இருந்திருந்தால், திருட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அது ஊமையானது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஊருக்குச் செல்லும் நண்பர்களுக்கு

நம்மில் பலர் பெற்றோரைத் தனியே விட்டு இங்கே வந்து படிக்கிறோம். சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். இந்தத் தீபாவளிக்கு ஊர் செல்லும்போது அரை நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கதவையும் சன்னலையும் திறந்து, கீபேடில் உரிய ஜோன் எண் தெரிகிறதா என்று பாருங்கள். மாட்டுபவரின் இரகசிய எண்ணை மாற்றச் சொல்லுங்கள். சிம்முக்குப் பணம் இருக்கிறதா, பேட்டரி மாற்றி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேளுங்கள். செய்தி யாருக்குப் போகிறது என்பதை மட்டும் பெட்டியை நம்பாமல் நேரில் சோதியுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் எது தொல்லையாக இருக்கிறது என்று கேட்டு, அவர்கள் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள்.

நானும் அப்படித்தான் சோதித்தேன். எல்லாம் எழுதி முடித்த அன்று மாலை அம்மாவின் கட்டிலருகே உள்ள அவசரப் பொத்தானை அழுத்தினேன். காகூவிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும் என்பது என் அவசரத்தில் மறந்து போயிற்று. ஒரு நிமிடம் ஆகியிராது. கையில் சப்பாத்திக் கட்டை, காலில் ஒற்றைச் செருப்பு, முகமெல்லாம் மாவு, காகூ எங்கள் கூடத்தில் வந்து நின்றார். “யார், எங்கே?” என்று மராத்தியில் கத்தினார். நான் திகைத்து நிற்க, அம்மா அவர் கையைப் பிடித்துக் கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பாம்படம் போன பிறகு அம்மா சிரித்து நான் கண்டது அதுவே முதல் முறை.

அந்த நண்பருக்கு இப்போது விடை கூறுகிறேன். பெட்டியை நம்பலாம், ஆனால் அதற்குச் சொல்லிக் கொடுத்த அளவுக்குத்தான். அது கூவும்போது எழுந்து வரும் காது ஒன்று அடுத்த வீட்டில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.